பஞ்சாலை எதற்காகத் தூங்கினாள்

"யாரு, தூங்குமூஞ்சியா?" என்றார் தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கிய மண்டோர் மாயாண்டி. பஞ்சாலை என்ற பெயரைச் சொல்லி, எந்த லயம், யாருடைய மனைவி என்றெல்லாம் விளக்கிய பிறகுதான் அவருக்கு ஆள் பிடிபட்டது. "அவ இன்னும் இருக்காளா?"

"இருக்காங்க. இந்தியாவுல பார்த்துட்டுத்தான் வர்றேன்."

"அங்கேயும் தூக்கந்தானா?"

சிரித்தார். எட்டு வருஷத்தில் புதுப்பல் கட்டியிருந்தார். அவர் வீட்டுக்குப் பின்னால் இருந்த முள்வேலி துருவேறிச் சாய்ந்திருந்தது. அதில் மருமகளின் கைலிகள் காய்ந்துகொண்டிருந்தன. அந்த வேலிக்குள் அறுநூறு பேரை அடைத்து வைத்திருந்தார்கள் என்று இப்போது சொன்னால் கதை விடுகிறேன் என்பார்கள்.

மலாயாவில் லிங்கிக்குப் போகும் சாலையில் எட்டாங்கட்டையில் இருக்கிறது எங்கள் ரப்பர்த் தோட்டம். எங்கள் என்று சொல்ல எனக்கு உரிமை கொஞ்சம்தான். என் அப்பா குலசேகரம் அங்கே தோட்டத்து ஆஸ்பத்திரியில் பதினாறு வருஷம் டிரெஸ்ஸராக இருந்தார். டாக்டர் மாதத்துக்கு ஒருமுறை வருவார். மற்ற நாளெல்லாம் அப்பாதான் டாக்டர். யாழ்ப்பாணத்தார் வீட்டுப் பிள்ளைகள் தொழிலாளர் வரிசைவீடுகளான லயத்துப் பக்கம் போகக் கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். ஆகவே பஞ்சாலையை எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும் என்று எழுதினால் அது பொய். மருந்துக்கு வரிசையில் நின்றுகொண்டே தூங்கிய ஒருத்தியை ஜன்னல் வழியாகப் பார்த்துச் சிரித்திருக்கிறேன். அவ்வளவுதான்.

அவளைப் பற்றி நான் யோசிக்கத் தொடங்கியது இங்கிலாந்தில். மனநோய் மருத்துவமனை ஒன்றில் தாதிப் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தேன். மனிதர்கள் ஏன் தூங்குகிறார்கள் என்று ஒரு நாள் வகுப்பு நடந்தது. உழைக்கிற உடம்பில் நஞ்சு சேர்கிறது, அதைக் கழுவத்தான் தூக்கம் என்றார் விரிவுரையாளர். பிறகு அவரே அதை மறுத்தார்: நஞ்சு சேரும்வரை யாரும் காத்திருப்பதில்லை, முழுக்கக் களைத்துப் போகுமுன்பே தூக்கம் வந்து ஆளைக் காப்பாற்றிவிடுகிறது, பசியைப் போல அதுவும் ஓர் உந்துதல் என்றார். அக்கறை வைக்க உலகத்தில் ஒன்றும் இல்லாமல் போனால் மனம் கடையைச் சாத்திவிடும் என்பது இன்னொரு கட்சி. தாயின் வயிற்றுக்குத் திரும்பிப் போகிற ஆசை என்றபோது பின்வரிசையில் சிரித்தார்கள். நான் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டேன். விடுதிக்குப் போய் நோட்டைப் பிரித்தபோதுதான், ஒவ்வொன்றின் ஓரத்திலும் பஞ்சாலை என்று எழுதிக் கேள்விக்குறி போட்டிருந்ததைப் பார்த்தேன்.

பஞ்சாலை மூன்று வயதில் கப்பலில் வந்தவள். துறையூர்ப் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து அவளுடைய அப்பன் ஆள் சேர்க்கிற கங்காணி பின்னால் வந்தான். அவளுக்கு அந்த ஊரில் ஒரு வேப்பமரம்கூட நினைவில்லை. பதின்மூன்று வயதில் உளி பிடித்தாள். மரத்துக்குக் காயம் படாமல் பட்டையை மட்டும் சீவுவதில் அவளை மிஞ்ச ஆளில்லை என்று மாயாண்டியே ஒப்புக்கொள்கிறார். பதினெட்டில் ராமகிருஷ்ணன் என்ற பால்வெட்டுக்காரனைக் கட்டினாள். அவன் சத்தம் போட்டுப் பத்திரிகை படிப்பான்; படிக்கத் தெரியாதவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள். அந்தக் காலத்தில் ஒருவன் மீது கண் விழ அதுவே போதும். இரண்டு பிள்ளைகள் பிறந்தன. தங்கவில்லை.

1950 ஜூனில் ஒரு மத்தியானம். ரப்பர்ப் பாலை எடை போட்டுவிட்டு வந்து இரண்டு பேரும் சாப்பிட்டார்கள். பஞ்சாலை பாயில் படுத்தாள். ராமகிருஷ்ணன் வாசலில் உட்கார்ந்து சாணைக்கல்லில் உளியைத் தீட்டிக்கொண்டிருந்தான். மூன்று பேர் வந்தார்கள். காக்கி உடுப்பு. போலீஸ்காரர்களும் காக்கி உடுத்தினார்கள், வெள்ளைக்காரனை எதிர்த்துக் காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளும் காக்கி உடுத்தினார்கள். அவன் எழுந்து அவர்களோடு போனான். பஞ்சாலை கண் விழித்தபோது கல் இன்னும் ஈரமாக இருந்தது. ஆள் இல்லை.

பக்கத்து வீட்டுக்காரர்கள் யாரும் எதையும் பார்க்கவில்லையாம். ஸ்டேஷனில், எங்களிடம் இல்லை என்றார்கள். மற்றவர்களிடம் போய் யார் கேட்பது?

அதற்குப் பிறகுதான் அவள் தூங்கத் தொடங்கினாள். பாலெடுக்க மணி அடிக்கும்வரை மரத்தில் நெற்றியை வைத்துத் தூங்கினாள். நிறுக்கிற இடத்தில் வாளிக்குப் பக்கத்தில் குந்தியபடி தூங்கினாள். அடுத்த வருஷம் வேலி போட்டு எல்லா லயத்தையும் உள்ளே கொண்டுவந்த பிறகு, காட்டுக்காரர்களுக்கு அரிசி போகிறதா என்று வேலைக்குப் போகும் பெண்களைக் கேட்டில் தடவிச் சோதிப்பார்கள். அந்தச் சோதனையிலும் கையைத் தூக்கியபடி தூங்கினாள். மத்தியானம் வீட்டுக்குப் போனால் கதவைத் திறந்து வைத்துவிட்டு, வாசலை ஒட்டியே பாயைப் போட்டுப் படுப்பாள்.

தோட்டத்தில் யாரும் விரிவுரை கேட்டதில்லை. ஆனால் ஆளுக்கு ஒரு கோட்பாடு வைத்திருந்தார்கள். மாயாண்டிக்கு அது உடம்பு வளையாத கொழுப்பு. லயத்துப் பெண்களுக்கு, ஆற்றோரத்தில் ஏதோ அடித்தது. தொரைக்கு, இந்தச் சனங்களின் பிறவிக்குணம். அப்பாவுக்கு இரத்தச்சோகை. கீழ் இமையை இழுத்துப் பார்த்து, வெள்ளையாக இருக்கிறது என்று இரும்பு மருந்து கொடுத்தார். மருந்துக்கும் தூக்கம் போகாதபோது, தபாலில் வரவழைத்த மனோதத்துவப் புத்தகத்தைப் பிரித்தார். அதில் ஒரு பக்கத்தில் வரிகளுக்கு அடியில் சிவப்பு மையில் கோடு போட்டிருந்தார். தூங்குகிறவனின் காது மூடிக்கொள்வதில்லை, அவனுக்கு முக்கியமானதை மட்டும் உள்ளே விடும். இடி இடித்தாலும் எழாத தாய், பிள்ளை முனகினால் எழுவாள் என்பது அந்தப் பக்கம். அந்தப் பக்கம் மட்டும் அவர் படிக்காமல் இருந்திருந்தால்.

பஞ்சாலை தவறாமல் விழித்திருந்த நேரம் ஒன்று உண்டு. பெரட்டு. காலையில் ஊரடங்கு முடிந்ததும், தொங்கவிட்ட தண்டவாளத் துண்டை அடிப்பார்கள். எல்லாரும் களத்தில் வரிசையாக நிற்க வேண்டும். கணக்கெழுதும் கிராணி பெயர் வாசிப்பார். வர வேண்டியவர் இன்னும் லயத்தில் சட்டை மாட்டிக்கொண்டிருந்தால் வீட்டு ஆளோ பக்கத்து ஆளோ குரல் கொடுப்பார்கள்: "வர்றாருங்க, பின்னாலதான் வர்றாரு." கிராணி ஒரு நிமிஷம் பொறுப்பார். தோட்டம் தொடங்கிய நாளிலிருந்து இருந்த வழக்கம் அது. எல்லாருக்கும் என்றாவது ஒரு நாள் தேவைப்படும்.

ராமகிருஷ்ணன் காணாமல் போனதற்கு யாரும் எழுத்தில் உத்தரவு கொடுக்கவில்லை. உத்தரவு இல்லாமல் பெயரை வெட்டுகிற ஆளில்லை எங்கள் கிராணி. ஆகவே தினமும் அந்தப் பெயரையும் வாசித்தார். பஞ்சாலை தினமும் குரல் கொடுத்தாள்.

"ராமகிருஷ்ணன்."

"வர்றாருங்க, பின்னாலதான் வர்றாரு."

முதல் மாதம் யாராவது திரும்பிப் பார்த்திருப்பார்கள். பிறகு அது தண்டவாளச் சத்தம் மாதிரி ஆகிவிட்டது. புருஷன் பெயரைச் சொல்லாத பெண்கள் அவர்கள். அந்தப் பெயர் உலகத்தில் ஒலிப்பதை நாளைக்கு ஒரு தடவை அவள் கேட்டது அந்தக் களத்தில்தான். பதினான்கு மாதம் கேட்டாள்.

1951 ஆகஸ்டில் அவள் வீட்டுக்குப் பின்னால், வேலிக்கு அடியில், அரிசி நிரப்பிய பிஸ்கட் டின் ஒன்று அகப்பட்டது. சிரம்பானிலிருந்து ஒரு விசாரணை அதிகாரி வந்தார். தமிழ் நன்றாகத் தெரிந்தவர். ராத்திரியில் யார் விழித்திருக்கிறார்கள் என்று அவர் கேட்கவில்லை. பகலில் யார் தூங்குகிறார்கள் என்று கேட்டார்.

"கேட்டாரு, சொன்னேன்," என்றார் மாயாண்டி என்னிடம். "நான் என்னா பொய்யா சொன்னேன்? ஊரே சொல்லுமே லா, அவ தூங்குறான்னு."

"அவங்க பெரட்டுல தினமும் குரல் கொடுத்தாங்களே, அதைச் சொன்னீங்களா?"

"அதை யாரு கேட்டா?"

பகலில் தூங்குகிறவள் இரவில் தூங்குவதில்லை. இரவில் தூங்காதவள் வேலிக்குப் போகிறாள். வேலிக்குப் போகிறவளின் புருஷன் காட்டில் இருக்கிறான். விசாரணை அதிகாரியின் கோட்பாடு இது. நான் வகுப்பில் கேட்ட எதையும்விட ஒழுங்காக இருந்தது. அது நிரூபணமானால் அவளை இந்தியாவுக்கு அனுப்பிவிடுவார்கள். அந்த வருஷம் அப்படி நிறையப் பேரை அனுப்பினார்கள். வேறு தண்டனை எதற்கும் பஞ்சாலை பயப்படவில்லை என்று ஆஸ்பத்திரி ஆயா தாயம்மா சொல்கிறாள். ஒன்றே ஒன்றுதான் கேட்டாளாம்: "அடிச்சாலும் சரி, என்னை இங்கேயே வைங்க. அவரு வந்தா இங்கதான் வருவாரு."

அப்பா அவளைக் காப்பாற்ற முனைந்தார். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. இவள் நோயாளி, மூன்று நாள் ஆஸ்பத்திரியில் வைத்துப் பாருங்கள், இரவிலும் தூங்குவாள் என்று அதிகாரியிடம் எழுதிக் கொடுத்தார். வாசலில் காவலுக்கு ஒருவனைப் போட்டு, தாயம்மாவைப் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். இரண்டு இரவும் இரண்டு பகலும் பஞ்சாலை தூங்கினாள். எழுந்து சோறு தின்பாள், மருந்து குடிப்பாள், திரும்பவும் படுப்பாள். பெரட்டுக்குப் போக வேண்டும் என்று மட்டும் காலையில் கேட்டாளாம். விடவில்லை.

மூன்றாம் நாள் மத்தியானம் அதிகாரி வந்தார். நடந்ததை அப்பா ஒரு விதமாகச் சொல்கிறார், தாயம்மா ஒரு விதமாகச் சொல்கிறாள். நான் தாயம்மாவை நம்புகிறேன். அவளுக்கு அதில் காப்பாற்றிக்கொள்ள ஒன்றும் இல்லை.

"நடிக்கிறாளான்னு பார்த்தாருங்க," என்றாள் தாயம்மா. "ஒங்க அப்பா எனாமல் பேசின எடுத்துச் சிமிட்டித் தரையில போட்டாரு. எனக்கே நெஞ்சு தூக்கிப் போட்டுச்சு. அவ அசையல. அந்த ஆளு குனிஞ்சு மூச்சப் பார்த்தாரு. சரி டிரெஸ்ஸர், இது சீக்குதான்னாரு. தொப்பிய எடுத்து மாட்டிட்டாருங்க. வாசப்படி வரைக்கும் போயாச்சு."

"அப்புறம்?"

"ஒங்க அப்பா கூப்பிட்டாரு. 'சேர், நில்லுங்கோ, இன்னும் ஒண்டு காட்டுறன்'ன்னாரு. நித்திரையில காது பூட்டாது, வேண்டியதை மட்டும் உள்ள விடும்னு என்னமோ பெருசா சொன்னாரு. அப்புறம் கிராணி மாதிரி பேரு வாசிச்சாரு. அர்ச்சுனன்னாரு, சும்மா கெடந்தா. தங்கராஜுன்னாரு, சும்மா கெடந்தா. நான் கண்ணக் காட்டுனேன் பாருங்க, வேணாங்கய்யான்னு. எங்கயாவது என்னைப் பார்த்தாரா."

அப்பா ராமகிருஷ்ணன் என்று வாசித்தார்.

பஞ்சாலை கண்ணைத் திறக்காமல், தெளிவாக, "வர்றாருங்க, பின்னாலதான் வர்றாரு" என்றாள்.

அதிகாரி தொப்பியைக் கழற்றிவிட்டு நோட்டை எடுத்தார். எங்கே வருகிறான், எப்போது வருகிறான், எத்தனை பேரோடு வருகிறான்? அப்பா அப்போதுதான் புரிந்துகொண்டார். அது பெரட்டுக்களத்து வழக்கம், தாமதமாக வருகிறவனுக்கு இன்னொருவர் கொடுக்கிற குரல், வேறொன்றும் இல்லை என்று கையைப் பிசைந்துகொண்டு சொன்னார்.

"இங்கே இல்லாதவனுக்காக இங்கே இருப்பவர்கள் பேசுகிற வழக்கம்," என்றார் அதிகாரி. "அதை விசாரிக்கத்தான், டிரெஸ்ஸர், என்னை அனுப்பியிருக்கிறார்கள்."

கிராணியைக் கேட்டார்கள். பெயர் தவறுதலாகப் பட்டியலில் நின்றுவிட்டது, வாசித்ததில்லை என்றார். அன்று மாலையே சிவப்பு மையில் வெட்டினார். மாயாண்டியைக் கேட்டார்கள். அப்படி யாரும் குரல் கொடுத்துக் கேட்டதில்லை என்றார். வரிசையில் நின்ற இருநூறு பேரில் ஒருவர் காதிலும் அது விழுந்திருக்கவில்லை. முழித்திருக்கிற காதும் வேண்டியதை மட்டுந்தான் உள்ளே விடும் என்று அப்பாவின் புத்தகத்தில் இல்லை.

பஞ்சாலை எழுந்தபோது வாசலில் லாரி நின்றது. ஒன்றரை மாதம் முகாமில் இருந்தாள். பிறகு கப்பல்.

போன வருஷக் கடைசியில் இங்கிலாந்திலிருந்து புறப்பட்ட நான் நேரே வீட்டுக்கு வரவில்லை. எனக்கு ஓர் இடத்தில் மூன்று மாதம் கால் தரிக்காது. சென்னையில் இறங்கி, பஸ் மாறி மாறி, துறையூருக்கு அந்தப் பக்கம் அவளுடைய கிராமத்தைக் கண்டுபிடித்தேன். சித்தப்பா மகன் வீட்டு மாட்டுக்கொட்டகையை ஒட்டி ஒரு சாய்ப்பு. வெயிலில் உட்கார்ந்து நிலக்கடலை உடைத்துக்கொண்டிருந்தாள். ஊரில் அவளுக்கு மலாய்க்காரி என்று பெயர்.

"ஆஸ்பத்திரி ஐயா மகதானே நீங்க," என்றாள் நான் வாய் திறக்குமுன். "மூக்கு அப்படியே இருக்கு. ஐயா சொகமா?"

சுகம் என்றேன். அந்தச் சித்தப்பா மகனின் மனைவி முற்றத்திலிருந்தபடியே, "இவளுக்கு எங்கேம்மா தூக்கம்? கோழி கூவுறதுக்கு முன்னாடி கொட்டக் கொட்ட முழிச்சுக்கிட்டு ஒக்காந்திருப்பா. பகல்ல ஒரு பொட்டுக் கண்ண மூட மாட்டா. எங்க வீட்டுக்குக் காவக்காரியே வேணாம்" என்றாள்.

"தோட்டத்துல எப்பவும் தூங்குவீங்களே அக்கா," என்றேன். தாதிகளுக்குக் கேள்வி கேட்கத்தான் தெரியும்.

"அங்க தூங்குனேன். இங்க என்னாத்துக்கு?"

கடலைத் தொலியை ஊதித் தள்ளினாள். சமையல் சொல்லிக் கொடுக்கிற மாதிரி நிதானமாகச் சொன்னாள்.

"அன்னிக்கு நான் முழிச்சிருந்தா விட்டிருப்பனா? காலப் புடிச்சுக் கெடந்திருப்பேன். தூங்கிட்டேன். தூங்குனப்பத்தான் கூட்டிக்கிட்டுப் போனாங்க. அப்ப, தூங்குனாத்தானே கொண்டாந்து விடுவாங்க? நான் வாசலப் பார்த்துக்கிட்டே குந்தியிருந்தா எப்பிடி வருவாங்க? அதான் தூங்கிக் கொடுத்தேன். கதவத் தொறந்து வச்சுத் தூங்கிக் கொடுத்தேன். இந்த ஊரு அவருக்குத் தெரியாது. இங்க தூங்கி என்னா?"

என் நோட்டில் நான்கு கேள்விக்குறிகள் இருந்தன. நான்கையும் அடித்துவிட்டேன்.

"அந்த டின்னு என்னுது இல்லீங்க," என்றாள் கடலையை உடைத்துக்கொண்டே. "அதுக்காகத்தான் அனுப்பிட்டாங்க. எத்தனை தடவை சொன்னேன். அரிசியே கெடைக்காத காலத்துல டின்னு நெறைய எனக்கு யாரு குடுப்பா?"

தூக்கத்தில் அவள் சொன்னதை அவளிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. நான் சொல்லியிருக்கலாம். ஆறாயிரம் மைல் சுற்றி அங்கே வந்தவள் நான். சொல்லவில்லை.

"பெரட்டுல அவரு பேரு வாசிக்கிறாங்களா?" என்று கேட்டாள்.

"வாசிக்கிறாங்க."

"யாரு கொரல் குடுக்குறா?"

இதை நான் எதிர்பார்த்திருக்க வேண்டும். "தாயம்மா" என்றேன்.

அவள் கை நின்றது. "தாயம்மா ஆஸ்பத்திரி ஆயால்ல. அவ பெரட்டுக்கு வர மாட்டாளே." என் முகத்தைப் பார்த்தாள். பிறகு அடுத்த கடலையை எடுத்தாள். "வெட்டிட்டாங்கன்னு சொல்லுங்க. சொல்லலாம்ல. எட்டு வருசம் ஆச்சு."

புறப்படும்போது ஒரு துணியில் கடலை கட்டிக் கொடுத்தாள். "ஐயாகிட்டக் குடுங்க. அந்தக் கசப்பு மருந்து ஒடம்புக்கு நல்லாத்தான் இருந்துச்சுன்னு சொல்லுங்க." கேலியா, மனதாரச் சொன்னதா என்று அவள் முகத்தில் தேடினேன். தெரியவில்லை.

அப்பா இப்போது சிரம்பானுக்குப் பக்கத்தில் சுங்கை காடுட்டில் வீடு கட்டிக்கொண்டு இருக்கிறார். கடலையை ஒவ்வொன்றாக உடைத்துத் தின்றுகொண்டே நான் சொன்னதைக் கேட்டார். கசப்பு மருந்தைப் பற்றிச் சொன்னதும் முகம் மலர்ந்தது.

"இப்ப பகலில நித்திரை கொள்ளுறாளோ?"

"இல்லை அப்பா. அங்கே போன நாளிலிருந்து பகலில் கண் மூடவில்லையாம்."

"அப்ப இரத்தம் ஊறியிருக்கு. நான் அப்பவே சொன்னனான், சோகைதான் எண்டு. ஒருத்தரும் கேக்கேல்லை." இன்னொரு கடலையை எடுத்தார். "பாவம், நல்ல பிள்ளை."

அவள் ஏன் தூங்கினாள் என்பதை அவரிடம் சொல்லத்தான் அத்தனை தூரம் வந்திருந்தேன். அவருக்குப் பதில் ஏற்கெனவே கிடைத்திருந்தது. இரண்டு மணிக்குச் சாய்வு நாற்காலியில் படுத்தார். வாயைக் கொஞ்சம் திறந்தபடி, குழந்தை மாதிரி, உடனே உறங்கிப் போனார்.

நான் பக்கத்தில் போய் நின்றேன். "பஞ்சாலை" என்றேன், சாதாரணக் குரலில். மூச்சு மாறவில்லை. பெரட்டில் கிராணி வாசிக்கிற மாதிரி, கொஞ்சம் இழுத்து, இன்னொரு தடவை வாசித்தேன்.

"பஞ்சாலை."

ஒரு விரல்கூட அசையவில்லை.

உள்ளே அம்மா தேநீர்க் கோப்பையைத் தட்டில் வைத்தாள். மெல்லிய சத்தம்தான். அப்பா கண்ணைத் திறந்து, "சீனி போட்டாச்சோ?" என்றார்.